சிலும்பியின் தனி வீடும் பூசணி அத்தையின் வயிறும்

சோலைக்காட்டின் ஓடைக்கரையில் ஒரு பொந்து மரம். அதற்குள் ஒரு கூட்டம் வௌவால்கள் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

“தள்ளித் தொங்குடி!”

“எங்கே தள்ளறது? இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் உன் மூக்கு!”

“ஐயோ! யாரு என் காதுல காலை வெச்சது?”

அத்தனையும் பெண்கள். கைக்குட்டியோடு இருக்கிற தாய்மார்கள். ஆண் வௌவால்கள் எங்கே என்று கேட்கிறீர்களா? குட்டி வளர்க்கிற காலத்தில் அந்த மகராசன்கள் ஆளுக்கொரு மரத்தில் தனியாய்த் தொங்கி, நிம்மதியாய்த் தூங்குவார்கள். அதைப் பேச ஆரம்பித்தால் கதை வேறு பக்கம் போய்விடும். விடுங்கள்.

அந்த நெரிசலில் நட்ட நடுவில் தொங்கியவள் பெயர் சிலும்பி. எவ்வளவு நக்கிவிட்டாலும் அவள் தலைமுடி படியாது. சிலும்பிக்கொண்டேதான் நிற்கும். அவளுக்கு அது தலைச்சன் குட்டி. நெற்றியில் வெள்ளையாய் ஒரு புள்ளி இருந்ததால் பொட்டு என்று பெயர் வைத்திருந்தாள். முதல் குட்டி பெற்றவள் என்பதற்காகவே அவளுக்கு நடு இடத்தைக் கொடுத்திருந்தார்கள். அது மரியாதை என்று சிலும்பிக்குத் தெரியவில்லை. தண்டனை என்று நினைத்தாள்.

ஏனென்றால் நடு இடத்துக்கு நேர் எதிரே பூசணி அத்தையின் வயிறு.

பூசணி அத்தைக்கு வண்டு என்றால் உயிர். அந்தி சாய்ந்தால் போதும், வண்டு வண்டாய்ப் பிடித்துத் தின்றுவிட்டு வந்து, ஏப்பம் விட்டபடி தொங்குவாள். அவள் வயிறு நேராய் வந்து சிலும்பியின் முகத்தில் அப்பிக்கொள்ளும்.

“அத்தை, கொஞ்சம் வயித்தை உள்ளே இழுங்களேன்! எனக்கும் குட்டிக்கும் மூச்சு முட்டுது!”

“இழுத்துக்கிட்டுதாண்டி இருக்கேன்!” என்பாள் பூசணி அத்தை. “இதுக்கு மேல இழுத்தா முதுகுப் பக்கம் வந்துடும்!”

மரமே குலுங்கச் சிரிப்பார்கள். சிலும்பிக்கு மட்டும் சிரிப்பு வராது.

நெரிசல்கூடப் பரவாயில்லை. வீடு மாற்றுவதுதான் அவளுக்குப் பெரிய வேதனை. அந்தக் கூட்டம் ஒரு மரத்தில் சேர்ந்தாற்போல் நாலு நாள் தங்காது. மூடுபனி இறங்கினால் ஓடைக்கரைப் பொந்து. வெயில் அடித்தால் புல்வெளி ஓரத்துப் பட்டை மரம். காற்று சுழன்றால் பாறைச் சரிவில் இருக்கிற பிளந்த மரம். ஒரே இடத்தில் கிடந்தால் உண்ணி பெருகும், ஆந்தை வழி கண்டுபிடித்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் யாராவது ஒருத்தி “கிளம்பலாமா?” என்றால் போதும். அடுத்த நிமிடம் ஆளுக்கொரு குட்டியை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு எல்லோரும் காற்றில் இருப்பார்கள்.

“இது என்ன பிழைப்பு?” என்று சிலும்பி புலம்பினாள். “இன்னைக்கு இங்கே, நாளைக்கு அங்கே! இவன் வேற நாளுக்கு நாள் கனக்கிறான். எனக்குன்னு ஒரு வீடு வேண்டாமா?”

பக்கத்தில் தொங்கிய கிழிகாது அக்கா அவள் தலையை நக்கிவிட்டாள். எப்போதோ முள்ளில் மாட்டி அவள் காது கிழிந்திருந்தது. மனசு மட்டும் தங்கம். “உனக்குன்னு நாங்க இருக்கோமேடி!” என்றாள்.

“அதுதானே என் தலைவலி!” என்றாள் சிலும்பி.

கிழிகாது அக்கா அதையும் விளையாட்டாய் எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

ஒருநாள் அந்தி நேரம். சிலும்பி காட்டோரமாய் ஓர் அந்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டு போனாள். பூச்சி தப்பிவிட்டது. ஆனால் அவள் கண்ணில் ஒரு மரம் பட்டது. இடி விழுந்து பட்டுப்போன நாவல் மரம். இலை கிடையாது, சின்னக் கிளை கிடையாது. நடு மரத்தில் பட்டை உரிந்து, ஒரு பெரிய கதவு போல விலகித் தொங்கிக்கொண்டிருந்தது.

சிலும்பி பட்டைக்கு அடியில் நுழைந்து பார்த்தாள். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது! பகல் முழுக்க வாங்கின வெயிலை மரம் அப்படியே பிடித்து வைத்திருந்தது.

“அடி ஆத்தி!” என்றாள் சிலும்பி. “வீடுன்னா இது வீடு!”

இறக்கையை நீட்டினாள். யார் மேலும் படவில்லை. இந்தப் பக்கம் நகர்ந்தாள். அந்தப் பக்கம் நகர்ந்தாள். “தள்ளுடி” என்று சொல்ல ஆள் இல்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

உடனே ஒரு பயமும் வந்தது. ‘கூட்டத்துக்குத் தெரிஞ்சா? நாளைக்கே எல்லாரும் மூட்டை கட்டிக்கிட்டு வந்துடுவாங்க. முதல் ஆளா அந்த வயிறு வரும்!’

சிலும்பி யோசித்தாள். யோசித்து, ஒரு காரியம் செய்தாள்.

பொந்துக்குத் திரும்பியதும் படபடவென்று இறக்கையை அடித்துக்கொண்டாள். “ஐயோ அக்கா! ஐயோ அத்தை! காட்டோரத்துல பட்டுப்போன நாவல் மரம் ஒண்ணு இருக்கு. அந்தப் பக்கமே போயிடாதீங்க! பட்டைக்குள்ள இவ்வளவு பெரிய விரியன் சுருண்டு கிடக்கு!”

“விரியனா!”

“நீ கிட்ட போனியாடி?”

“கண்ணால பார்த்தேன்! என்னைப் பார்த்து வாயைத் திறந்துச்சு!”

தாய்மார்கள் குட்டிகளை இறுக்கிக்கொண்டார்கள். கிழிகாது அக்கா சிலும்பியை இறக்கைக்குள் இழுத்துப் பொத்திக்கொண்டாள். “நல்லவேளை தப்பிச்சே! இனிமே தனியாப் போகாதே, கண்ணு” என்றாள். அவள் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டதைச் சிலும்பி கேட்டாள். 

மறுநாள் அந்தியில் எல்லோரும் இரை தேடப் போனதும், பொட்டுவை வயிற்றில் ஒட்டிக்கொண்டு சிலும்பி நைசாய் நழுவினாள்.

முதல் சில நாட்கள் சொர்க்கம்தான். வானம் பளிச்சென்று இருந்தது. காலை வெயில் நேராய்ப் பட்டை மேல் விழுந்தது. அம்மாவும் பிள்ளையும் கை காலை நீட்டிப் போட்டுத் தூங்கினார்கள். அந்தியில் சிலும்பி காட்டோரத்தில் ஒரு சுற்று சுற்றுவாள். வயிறு நிறைந்துவிடும். திரும்பி வரும்போதும் பட்டைக்குள் சூடு மிச்சம் இருக்கும். பொட்டு “கீச்” என்று வாயைத் திறந்து பாலுக்குக் காத்திருப்பான்.

ஒரு நாள் காலையில் டொக் டொக் என்று மரம் அதிர்ந்தது.

“யாரது, வீட்டை இடிக்கிறது?” என்று சிலும்பி கத்தினாள்.

பட்டை இடுக்கில் ஒரு சிவப்புக் கொண்டை எட்டிப் பார்த்தது. மரங்கொத்தி!

“வீடா? நான் புழு கடைன்னு நினைச்சேன்” என்றது மரங்கொத்தி. “ஆமா, நீ சிலும்பிதானே? நீ செத்துட்டேன்னு சொன்னாங்களே!”

“யாரு சொன்னது?”

“நேத்து பொழுது சாயற நேரம், நான் தூங்கப் போறேன், உங்காளு ஒருத்தி, காது கிழிஞ்சவ, ஓடை நெடுக உன் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே போறா. உன்னையும் குட்டியையும் விரியன் முழுங்கிடுச்சாம். அவ பின்னாடியே குண்டா ஒருத்தி அழுதுக்கிட்டே பறக்கிறா. பறக்க முடியாம பறக்கிறா, பாவம்!”

சிலும்பிக்குச் சுருக்கென்றது. தன் பொய் இப்படிச் சுற்றிக்கொண்டு வரும் என்று அவள் நினைக்கவே இல்லை.

“நீ... நீ அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

“எனக்கெதுக்கு வம்பு? நீங்க எழும்பற நேரத்துல நான் தூங்கிடுவேன்” என்றது மரங்கொத்தி. “ஆனா ஒண்ணு கேட்கட்டுமா? இத்தனை பெரிய வீட்டுல தனியாவா இருக்கே?”

“தனியாத்தான். நிம்மதியா!”

“நல்லா இரு” என்று சொல்லிவிட்டு, ஒரு புழுவை இழுத்துக்கொண்டு மரங்கொத்தி போய்விட்டது.

அன்று அந்தியில் சிலும்பியின் காதிலேயே அந்தக் குரல் விழுந்தது. தூரத்தில், காட்டோரமாய், தொண்டை கட்டிப்போன குரல்.

“சிலும்பீ... ஏ சிலும்பீ... பொட்டூ...”

விரியன் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே கிழிகாது அக்கா இத்தனை கிட்டத்தில் வந்து தேடுகிறாள்! சிலும்பிக்குப் பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் என்ன சொல்வது? ‘பாம்பு இல்லேக்கா, உங்க தொல்லை தாங்காமத்தான் ஓடி வந்தேன்’ என்றா? அவள் பொட்டுவின் வாயை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். குரல் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டுப் போய்விட்டது. அன்றைக்குச் சிலும்பிக்கு இரை இறங்கவில்லை.

அதற்கப்புறம் மூடுபனி வந்தது.

மலை மேல் மூடுபனி வந்தால் விருந்தாளி போல எட்டிப் பார்த்துவிட்டுப் போகாது. வந்து உட்கார்ந்துகொள்ளும். சூரியன் இருக்கிற திசையே தெரியவில்லை. பட்டை நனைந்து கனத்தது. இடுக்குகளில் தண்ணீர் கசிந்தது. வெதுவெதுவென்று இருந்த வீடு ஓடைக்கல் மாதிரி சில்லிட்டுப்போனது.

“அம்மா, குளிருதும்மா!” என்றான் பொட்டு.

“நான் இருக்கேன்டா, கண்ணா” என்று சிலும்பி அவனை இரண்டு இறக்கையாலும் போர்த்திக்கொண்டாள். அவள் போர்த்தியிருக்கிற வரைக்கும் சரிதான். ஆனால் அவள் சாப்பிட்டால்தானே பால்? அந்தியில் அவள் வெளியே போக வேண்டியிருந்தது. பனியில் பூச்சிகளே பறக்கவில்லை. ஒரு கொசுவுக்காகக் காட்டை நாலு தரம் சுற்ற வேண்டியிருந்தது.

பொந்து மரத்தில் இருந்தபோது அவள் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பினாலும் பொட்டு சூடாகவே இருப்பான். மற்றக் குட்டிகள் அவனைச் சுற்றி மூட்டையாய் அப்பிக்கொண்டிருக்கும். எப்போது பார்த்தாலும் இரண்டு மூன்று அத்தைமார்கள் திரும்பி வந்து தொங்கிக்கொண்டிருப்பார்கள். அது பொந்து மரத்தின் சூடு என்றே அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

அன்று அவள் திரும்பியபோது மூடுபனி லேசாய் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பட்டைக்குள் நுழைந்தாள். “கீச்” சத்தம் இல்லை.

“பொட்டு!”

பதில் இல்லை.

“டேய் பொட்டு! அம்மா வந்துட்டேன்டா! பால் குடிடா!”

மார்பை அவன் வாயில் வைத்தாள். அவன் உதடு அசையவில்லை. உடம்பு ஜில்லென்று இருந்தது. காதை வைத்துக் கேட்டாள். நெஞ்சு எங்கோ ஆழத்தில், மெதுவாய், மறந்து மறந்து அடித்தது. அவனைக் கட்டிக்கொண்டாள். ஆனால் பனியில் நனைந்து வந்தவள் உடம்பிலேயே சூடு இல்லை. இருந்தால்தானே கொடுக்க?

தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று அவனை வயிற்றில் சேர்த்தாள். எப்போதும் முடியைக் கொத்தாய்ப் பிடித்துக்கொண்டு தொங்குகிற விரல்கள் இப்போது பிடிக்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தான். இவனைத் தூக்கிக்கொண்டு பறந்தால் நடுவழியில் கீழே போட்டுவிடுவாள்.

“ஐயோ, என் கண்ணே! நான் என்ன பண்ணுவேன்!” என்று சிலும்பி கதறினாள்.

செய்ய ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பொட்டுவைப் பட்டையின் இடுக்கில் செருகிவிட்டு வெளியே பாய்ந்தாள்.

கூட்டம் எந்த மரத்தில் இருக்கிறதோ? அவள் நின்று தேடவில்லை. மூடுபனி என்றால் ஓடைக்கரைப் பொந்து! எத்தனை தரம் திட்டிக்கொண்டே அந்த வழியில் பறந்திருக்கிறாள்! இறக்கைக்கு வழி தெரிந்திருந்தது.

பொந்து வாயில் ஒரு தலை முளைத்தது. சொட்டச் சொட்ட நனைந்து, முடியெல்லாம் சிலும்பிக்கொண்டு நின்ற தலை.

“பேய்!” என்று யாரோ அலறினார்கள்.

“சிலும்பியோட பேய்!”

பூசணி அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். “கிட்ட வராதே, தாயே! நீ உயிரோட இருந்தப்போ நான் இடிச்சது நசுக்கினது எதையும் மனசுல வெச்சுக்காதே! வயித்தை உள்ளே இழுத்துக்கறேன்! இதோ இழுத்துட்டேன் பாரு!”

“நான் பேய் இல்லே, அத்தை!” என்று சிலும்பி அழுதாள். “உயிரோடதான் இருக்கேன்! பொட்டுதான்... பொட்டு குளிர்ந்து போயிட்டான். என்னை இறுக்கிப் பிடிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லே. எல்லாரும் வாங்க! சீக்கிரம் வாங்க! அந்த நாவல் மரத்துல இருக்கான்!”



“விரியன் இருக்கிற மரத்துலயா?” என்று கிழிகாது அக்கா மெதுவாய்க் கேட்டாள்.

சிலும்பி தலையைத் தொங்கப் போட்டாள். ஏற்கெனவே தொங்குகிற தலையை இன்னும் எங்கே தொங்கப் போடுவது?

“அங்கே பாம்பு கிடையாதுக்கா. எனக்கு மட்டும் வீடு வேணும்னு பொய் சொன்னேன். நீங்க தேடினது, கூப்பிட்டது, எல்லாம் என் காதுல விழுந்துச்சு. பேசாம இருந்துட்டேன். அந்த மரத்துல இருந்த பாம்பு நான்தான்.”

பூசணி அத்தை ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இன்னொரு கண்ணையும் திறந்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள்.

“அடிப்பாவி! உனக்காக நான் தொண்டை வலிக்க அழுதேன்! துக்கத்துல வண்டு இறங்கலே எனக்கு! எனக்கே இறங்கலேன்னா பார்த்துக்கோ! இப்போ விடியப் போற நேரத்துல வந்து, இந்தப் பனியில, காக்காயும் வல்லூறும் கண் முழிக்கிற நேரத்துல, குட்டிங்களைத் தூக்கிக்கிட்டு வான்னு கூப்பிடறியா? இந்தப் பொய்க்காரி பேச்சைக் கேட்டு நாங்க வரணுமா?”

சிலும்பி பொந்து வாயிலேயே நனைந்தபடி நின்றாள். 

“என்னடி மரம் மாதிரி நிக்கறே?” என்று பூசணி அத்தை அதட்டினாள். “வழியைக் காட்டு! மிச்சத்தை அங்கே வந்து திட்டறேன்!”

தன் குட்டியை வயிற்றில் அள்ளிக்கொண்டு முதல் ஆளாய் வெளியே பாய்ந்தவள் அவள்தான்.

“கிளம்பலாமா?” என்று யாரும் கேட்கவே இல்லை. காலமெல்லாம் வீடு மாற்றிப் பழகின கூட்டம் அது. கண் மூடித் திறப்பதற்குள் ஆளுக்கொரு குட்டியோடு எல்லோரும் காற்றில் இருந்தார்கள். புல்வெளியைக் குறுக்கே வெட்டாமல், மர ஓரமாகவே, நிழலை ஒட்டிப் பறந்தார்கள். நாவல் மரத்தில் இறங்கினார்கள். பட்டைக்குள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நுழைந்தார்கள்.

“நடுவுல போடு குட்டியை!”

“என் குட்டியை அந்தப் பக்கம் ஒட்டிக்கோ!”

“பட்டை ஓரத்துல காத்து வருது. இறக்கையால அடைச்சுக்கோங்கடி!”

“அத்தை, இங்கே வாங்க! நீங்கதான் முன்னாடி!”

பூசணி அத்தை வந்தாள். வயிற்றை உள்ளே இழுக்கவில்லை. நன்றாய்த் தளர்த்திப் பொட்டுவின் மேல் அப்படியே அப்பிக்கொண்டாள். கிழிகாது அக்கா சிலும்பியின் ஈரத்தை நக்கி நக்கித் துடைத்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் சிலும்பிக்குத் தாங்கவில்லை.

வெளியே விடிந்தது. வெயில் வரவில்லை. காக்கைகள் கத்திக்கொண்டு போயின. உள்ளே யாரும் அசையவில்லை. இத்தனை பேர் மூச்சும் சேர்ந்து பட்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சூடு ஏறியது. அன்றைக்கு அந்த மரத்துக்குச் சூரியனே தேவைப்படவில்லை. சிலும்பி பொட்டுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் அத்தையின் வயிறு.

அந்த மூக்கு அசைந்தது.

“கீச்!”

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அம்மா!” என்றான் பொட்டு, எரிச்சலாய். “யாரோ என்னை நசுக்கறாங்கம்மா! தள்ளச் சொல்லும்மா! மூச்சு முட்டுது!”

பட்டை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு கிளம்பியது. பாதிப் பேர் சிரித்தபடியே அழுதார்கள்.

“நசுங்குடா, ராசா!” என்றாள் சிலும்பி.  “நல்லா நசுங்கு! அத்தை, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்களேன்! எனக்கும் கொஞ்சம் வயித்தைக் குடுங்களேன்!”

“அம்மாவும் பிள்ளையும் ஒரே மாதிரி!” என்றாள் பூசணி அத்தை. “வாடி கிட்ட! திட்ட வேண்டியது நிறைய இருக்கு. ஒவ்வொண்ணா ஆரம்பிக்கிறேன்.”

ஆரம்பித்தாள். ஆனால் சூட்டில் சொக்கி, இரண்டாவது திட்டிலேயே குறட்டை விட்டுவிட்டாள்.

டொக் டொக் என்று கதவு தட்டுகிற சத்தம். மரங்கொத்தி பட்டை இடுக்கில் கொண்டையை நீட்டிப் பார்த்தது. கால் வைக்க இடம் இல்லை. எங்கு பார்த்தாலும் மூக்கும் காதுமாய் இருந்தது.

“என்ன சிலும்பி, தனி வீடு, நிம்மதின்னு சொன்னே?”

“சத்தம் போடாதே!” என்று சிலும்பி கிசுகிசுத்தாள். “அத்தை தூங்கறாங்க.”

பனி விலகி, நல்ல வெயில் வந்த அன்று அந்தியில், “கிளம்பலாமா?” என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பொட்டுவை வயிற்றில் ஒட்டிக்கொண்டு, முடியெல்லாம் சிலும்பிக்கொண்டு, முதல் ஆளாய்த் தயாராய் நின்றவள் சிலும்பிதான்.

உடன் இருப்பவர்களின் நெரிசலைத் தாங்கிக்கொள்கிறவர்களுக்குத்தான் அவர்களுடைய சூடும் கிடைக்கும்.